அப்பாவின் எண்ணுக்கு வரும் ஓடிபி

அப்பா இறந்து ஒரு வருடம் தாண்டிவிட்டது. அவருடைய எண்ணுக்கு 28 நாளுக்கு ஒருமுறை நான் இன்னும் ரீசார்ஜ் செய்துகொண்டிருக்கிறேன். மாதம் ஒருமுறை என்று எழுதலாம்தான், ஆனால் அப்பா இருந்தால் திருத்துவார். கணக்கு வாத்தியார். "மாசத்துக்கு ஒண்ணா? 365ஐ 28ஆல வகுத்துப் பாரு. வருஷத்துக்குப் பதிமூணு தடவை வாங்குறான்" என்று தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் வகுத்தே காட்டியிருக்கிறார். 30 நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றாவது ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவு போட்டபோது, தானே மனுக்கொடுத்து வாங்கிய தீர்ப்பைப் போல இரண்டு நாள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

போன் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் டிவி ஸ்டாண்டின் மேல்தட்டில், அவருடைய கண்ணாடிக்கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. சாம்பல் நிற பட்டன் போன். பின்மூடி கழன்று விழாமலிருக்க ஒரு ரப்பர் பேண்ட். ஐந்தாம் பட்டனில் எண் தேய்ந்து வெறும் வெள்ளையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா அதைச் சார்ஜில் போட்டுவிடுவாள். ரேஷன் கடையில் அரிசி வாங்கிவிட்டு அவள் வீடு வந்து சேர்வதற்குள், இத்தனை கிலோ வாங்கப்பட்டது என்று அதில் குறுஞ்செய்தி வந்து கிடக்கும். கேஸ் பதிவும் கரண்ட் பில்லும் அந்த எண்ணுக்குத்தான். அம்மாவின் ஆதாரில்கூட அப்பாவின் எண்ணே இருக்கிறது, அவளுக்கென்று தனி போன் இல்லாத காலத்தில் கொடுத்தது. எண்ணை விட்டால் வீட்டின் பாதிக் கதவு பூட்டிக்கொள்ளும்.

இதில் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் இருக்கிறது. ரப்பர் பேண்ட் போட்ட அந்தப் போனை நெட்வொர்க் சும்மா நம்பிவிடுவதில்லை. அவ்வப்போது அதைக் கூப்பிட்டு, நீ யார், நிரூபி என்று கேட்கிறது. அதுவும் சரியான விடையைச் சொல்கிறது. அப்பா இன்னும் ஒவ்வொரு தேர்விலும் பாஸ் ஆகிக்கொண்டிருக்கிறார்.

நான் வேலை பார்ப்பது மொபைல் நெட்வொர்க்குகளைச் சோதிக்கும் பிரிவில். சென்னையில், குளிரூட்டிய ஓர் ஆய்வுக்கூடத்தில், சோதனை சிம்களைப் போனில் போட்டுப் போட்டு எடுப்பதுதான் பிழைப்பு. ஏற்க வேண்டிய சிம்மை நெட்வொர்க் ஏற்கிறதா, நிராகரிக்க வேண்டியதை நிராகரிக்கிறதா என்று பார்க்க வேண்டும். "அட்டாச் ஆச்சா?" என்பதும் "ஆத் ஃபெயில்" (சரிபார்ப்பில் தோல்வி) என்பதும் எங்கள் கூடத்தில் சாப்பிட்டாச்சா என்பதைவிட அதிகம் புழங்கும் சொற்கள். ஒருமுறை பொங்கல் விடுமுறையில் அப்பா கேட்டார்: "அப்படி என்னதாம்மா அங்க சரிபார்க்கிறீங்க?" அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

ஒவ்வொரு சிம்முக்குள்ளும் 128 பிட் நீளமுள்ள ஒரு ரகசிய எண் இருக்கிறது. அதன் நகல் உலகத்தில் இன்னும் ஒரே ஓர் இடத்தில், சிம்மைக் கொடுத்த நிறுவனத்தின் அங்கீகார மையத்தில் இருக்கிறது. போனை ஆன் செய்தால், சிம் தன் 15 இலக்க அடையாள எண்ணைச் சொல்லும் (இந்தியாவில் அது 404 அல்லது 405 என்று தொடங்கும்). உடனே நெட்வொர்க் குருட்டாம்போக்கில் ஒரு பெரிய எண்ணைப் பொறுக்கி அனுப்புகிறது. சிம் அந்த எண்ணையும் தன் ரகசிய எண்ணையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்புகிறது. அதே கணக்கை மையமும் போட்டுப் பார்க்கிறது. விடைகள் ஒத்துப்போனால் உள்ளே. ரகசிய எண் ஒருநாளும் காற்றில் வருவதில்லை. ஒட்டுக்கேட்பவனுக்குக் கிடைப்பது ஒரு கேள்வியும் ஒரு விடையும்தான். அடுத்த முறை கேள்வி வேறாக இருக்கும்.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிரித்தார். முப்பத்தாறு வருடம் வகுப்பில் அவர் சொன்னது நேர்மாறு. "வழிமுறையைக் காட்டுடா, வெறும் விடைக்கு ஒரு மார்க்குதான்." இந்தப் பையன் வழிமுறையைக் காட்டவே மாட்டான், விடையை மட்டும் எழுதி நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவான் என்றேன். "அப்ப நிறையக் கேள்வி கேட்டா வழியைக் கண்டுபிடிச்சிடலாமே" என்றார்.

நான் கொஞ்சம் அரண்டுதான் போனேன். 1998இல் நடந்தது அச்சு அசலாக அதுதான். பல நிறுவனங்கள் அப்போது சிம்மில் காம்ப்128 என்றொரு கணக்கை வைத்திருந்தன, அதன் உள்விவரத்தை வெளியே விடாமல் ரகசியமாகக் காத்தன. மார்க் பிரிசெனோவும், கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இயன் கோல்ட்பெர்கும் டேவிட் வாக்னரும் அதை உடைத்தார்கள். ஒரு சிம்மைக் கையில் வைத்துக்கொண்டு, தேர்ந்தெடுத்த கேள்விகளாகச் சுமார் ஒன்றரை லட்சம் கேட்டால், ஏறக்குறைய எட்டு மணி நேரத்தில் உள்ளே இருக்கும் ரகசிய எண் வெளியே வந்துவிடும் என்று காட்டினார்கள். ரகசிய எண் கிடைத்துவிட்டால் அதேபோல இன்னொரு சிம் செய்துகொள்ளலாம். அதற்குப் பிறகு கணக்கையே மாற்றினார்கள். பழைய 2ஜியில் இன்னொரு ஓட்டையும் இருந்தது. கேள்வி கேட்கும் உரிமை நெட்வொர்க்குக்கு மட்டும்தான், நீ உண்மையான நெட்வொர்க்தானா என்று சிம் திருப்பிக் கேட்க வழியில்லை. அதனால் போலி டவர் வைத்துப் போன்களை ஏமாற்ற முடிந்தது. 3ஜியில் அந்த உரிமை சிம்முக்கும் வந்தது. 5ஜியில் அந்த 15 இலக்க எண்ணையே மறைத்து அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. முப்பது வருடமாக இந்த வேலையில் நல்ல மூளைகள் உட்கார்ந்து உழைத்திருக்கின்றன.

அத்தனை உழைப்பும் நிரூபிப்பது ஒன்றே ஒன்றைத்தான். இந்த சிம் நாங்கள் கொடுத்த அதே சிம். அதை யார் வைத்திருக்கிறார்கள் என்று நெட்வொர்க்குக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அதற்கு வழியும் இல்லை.

பலருக்குத் தெரியாத இன்னொன்று, நாம் ஆளுக்கு ஆள் கொடுத்துவைத்திருக்கும் பத்து இலக்க எண்ணுக்கு இந்தச் சரிபார்ப்பில் வேலையே கிடையாது. இன்ன 15 இலக்க சிம்முக்கு இன்ன பத்து இலக்க எண் என்று நிறுவனத்தின் பதிவேட்டில் ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். சிம் தொலைந்துபோய்ப் புதிது வாங்கும்போது அந்த வரியைத்தான் மாற்றுகிறார்கள். பத்து இலக்கம் அப்படியே இருக்கும், எதிரே உள்ள 15 இலக்கம் புதிதாகிவிடும். எட்டு மணி நேரம் உட்கார்ந்து சிம்மை உடைப்பவன் பாவம். கடை கவுன்டரில் அந்த ஒரு வரியை மாற்றவைப்பவன் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவான்.

பத்து நிமிடம் என்பது என் கண்ணால் பார்த்த கணக்கு. 2023 ஜனவரி. மின் இணைப்போடு ஆதாரை இணைக்கச் சொல்லித் தமிழ்நாடே வரிசையில் நின்றுகொண்டிருந்த நேரம். அப்பாவின் போன் வாளித் தண்ணீரில் விழுந்தது. போன் பிழைத்துக்கொண்டது, சிம் போய்விட்டது. தேரடிக்குப் பக்கத்தில் ஒரு கடை, பெயர் வேண்டாம். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பையன் அப்பாவைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். பத்தாம் வகுப்பில் அவரிடம் படித்தவன்.

முதலில் கைரேகை. முப்பத்தாறு வருடம் சாக்பீஸ் பிடித்த விரல் மூன்று தடவை வைத்தும் ஒத்துப்போகவில்லை. அப்புறம் போட்டோ. கண்ணைச் சிமிட்டச் சொன்னது, அப்பா இரண்டு கண்ணையும் இறுக மூடித் திறந்து ஒரு முழிப்பு முழித்தார், அதை ஏற்றுக்கொண்டது. கடைசியில் மாற்று எண்ணுக்கு ஓடிபி போகும் என்றது. பதிவில் இருந்த மாற்று எண் நான் 2016இல் விட்டுவிட்ட பழைய எண். வேண்டாமென்று விட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் சும்மா வைத்திருந்துவிட்டு நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுத்துவிடும். இந்நேரம் அது யார் கையில் இருக்கிறதோ. நான் இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பையன், "விடுங்கக்கா, நான் பாத்துக்கிறேன்" என்று திரையில் இரண்டு இடத்தில் தட்டினான். அவன் சட்டைப்பையில் இருந்த போன் டிங் என்றது. ஆறு இலக்கத்தை அவனே பார்த்து அவனே போட்டான். "முடிஞ்சது சார்."

அப்பாவின் மாற்று எண்ணாகத் தன் எண்ணைப் போட்டுக்கொண்டிருக்கிறான்! சிம் நெட்வொர்க்கைச் சோதித்துச் சம்பளம் வாங்குகிறவள் நான், எனக்குக் கை சில்லிட்டுப் போனது. வெளியே வந்து சொன்னால் அப்பா, "அவன் நம்ம பையன்மா" என்றார். யோசித்துப் பார்த்தால் அன்றைக்கு அந்தக் கடையில் நடந்த ஒரே உண்மையான அடையாளச் சரிபார்ப்பு, அவன் எழுந்து நின்றதுதான். அப்பா யாரென்று அந்த மேசையைச் சுற்றி இருந்தவற்றில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். கைரேகைக் கருவிக்குத் தெரியவில்லை. ஆனால் அதே கடையில் எழுந்து நிற்காத ஒருவன் இருந்து, வந்தவர் வேறொருவராக இருந்து, கைமாறுவதற்கு இரண்டாயிரம் ரூபாயும் இருந்திருந்தால் அதே இரண்டு தட்டல் போதும்.

புது சிம் போட்டும் அன்று முழுக்க எந்தக் குறுஞ்செய்தியும் வரவில்லை. அப்பா கடைப் பையனைச் சந்தேகப்பட்டார். காரணம் வேறு. சிம் மாற்றினால் 24 மணி நேரத்துக்குக் குறுஞ்செய்தி வரவும் கூடாது போகவும் கூடாது என்று 2022 நவம்பரில்தான் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டிருந்தது. யாராவது உங்கள் பெயரில் சிம் எடுத்துவிட்டால், உங்கள் போனில் சிக்னல் போயிருக்கும், அதைக் கவனித்து நீங்கள் புகார் செய்ய ஒரு நாள் அவகாசம் என்று விளக்கினேன். "அப்ப திருடனுக்கு ஒரு நாள் பொறுமை இருந்தா போதும்" என்றார். 2024 ஜூலையிலிருந்து, சிம் மாற்றி 7 நாள் ஆகாமல் வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்ற முடியாது என்றும் வந்தது. திருடனின் பொறுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டுதான் போகிறார்கள்.

கிராமத்துக் கிழவர்கள்தான் இதில் மாட்டுவார்கள் என்று நினைக்க வேண்டாம். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைவர் ஜாக் டார்சியின் சொந்த ட்விட்டர் கணக்கே அவருடைய போன் எண் வழியாகப் பறிபோனது. 2024 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தின் எக்ஸ் கணக்கைப் பிடித்து, பிட்காயின் நிதிகளுக்கு அனுமதி கொடுத்தாகிவிட்டது என்று பொய்ச் செய்தி போட்டார்கள். இரண்டிலும் உடைக்கப்பட்டது சிம்முக்குள் இருக்கும் கணக்கு அல்ல, பதிவேட்டின் அந்த ஒரு வரிதான்.

வரியைத் தொடாமலே குறுஞ்செய்தியைத் திருப்பிவிடும் வழியும் இருக்கிறது. நிறுவனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் எஸ்எஸ்7 என்ற மொழி 1970களில் பிறந்தது. நாட்டுக்கு ஒன்றிரண்டு அரசுத் தொலைபேசி நிறுவனங்கள் மட்டும் இருந்த காலம், பேசுகிறவர்கள் எல்லாரும் நம்மவர்கள் என்ற நம்பிக்கையில் கட்டியது. "உங்க ஆள் இப்ப எங்க ஊருக்கு வந்திருக்கார், அவருக்கு வர்றதை எல்லாம் இங்க அனுப்புங்க" என்று ஒரு நெட்வொர்க் சொன்னால் மற்றது அனுப்பிவிடும். ரோமிங் நடப்பதே அப்படித்தான். பொய் சொன்னாலும் அனுப்பிவிடும் என்பதை 2014 டிசம்பரில் ஹாம்பர்க்கில் நடந்த ஹேக்கர்கள் மாநாட்டில் டோபியாஸ் எங்கலும் கார்ஸ்டன் நோலும் தனித்தனியாகக் காட்டினார்கள். 2017இல் ஜெர்மனியில் வங்கி வாடிக்கையாளர்களின் ஓடிபிகளை இப்படித் திருப்பிவிட்டுப் பணத்தை எடுத்தே விட்டார்கள்.

சரி, ஓடிபிக்கு வருவோம். இணையத்தில் கார்டு பயன்படுத்தும்போது, கார்டில் அச்சிட்டிருக்கும் விவரங்களுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பு வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலிருந்து கட்டாயமாக்கியது. முதலில் மனப்பாடம் செய்யும் கடவுச்சொல்லாக இருந்தது, அப்புறம் ஓடிபி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. எவருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, எல்லார் கையிலும் போன் இருக்கிறது. ரிசர்வ் வங்கி கேட்ட இன்னொரு சரிபார்ப்பு கிடைத்துவிட்டது.

அதன் உள்ளே இருக்கும் அனுமானங்களை மட்டும் யாரும் நிறுத்திக் கேட்டதில்லை. எண் இந்த சிம்மில் இருக்கிறது, சிம் இந்த போனில் இருக்கிறது, போன் இந்த ஆள் கையில் இருக்கிறது, ஆகவே ஆறு இலக்கத்தைச் சொல்பவர் இந்த ஆள். நடுவில் உள்ளது இரும்பு. முதலாவது, கடை மேசையில் பார்த்தபடி, நார். மூன்றாவதும் வெறும் வாழைநார்.

எங்கள் வீட்டில் அந்த நார் எப்போதோ அறுந்துவிட்டது. ஓடிபி வந்தால் அப்பா போனைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, வகுப்பறைக் குரலில் திண்ணையிலிருந்து உள்ளே கத்துவார். "எழுதிக்கோ. நாலு. எட்டு. ரெண்டு. மறுபடியும் ரெண்டு." எதிர்வீட்டு அத்தை உட்படத் தெருவே எழுதிக்கொள்ளலாம். கத்தி முடித்த பிறகு அதே செய்தியின் அடுத்த வரியையும் நிதானமாகப் படிப்பார்: யாரிடமும் பகிர வேண்டாம். "நான் யார்கிட்டயும் பகிரல, என் பொண்ணுகிட்ட சொன்னேன்" என்பது அவருடைய வாதம்.

சிரிப்புக்குச் சொல்லவில்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் பாட்டியின் ஆதாருக்கு மகன் எண், மகன் திருப்பூரில் இருப்பான். பென்ஷனுக்கு ஏதாவது சரிபார்க்க வேண்டுமென்றால், பாட்டி இசேவை மையத்தில் நிற்பாள், ஓடிபி திருப்பூரில் தறிச் சத்தத்துக்கு நடுவில் வந்து விழும், மகன் பார்த்துச் சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும். ஆள் நேரில் நிற்கிறாள், விரலை நீட்டுகிறாள், கண்ணெதிரே உயிரோடு இருக்கிறாள். அவளை அவளென்று சொல்ல இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஒரு சிம் வேண்டியிருக்கிறது.

யுபிஐ வந்தபோது இந்தச் சங்கிலியைக் கொஞ்சம் இறுக்கினார்கள், அதைப் பாராட்டத்தான் வேண்டும். வங்கி நமக்கு ஓடிபி அனுப்புவதற்குப் பதிலாக, நம் போன் வங்கிப் பக்கம் ஒரு குறுஞ்செய்தியை அனுப்புகிறது. செயலியை முதலில் திறக்கும்போது எந்த சிம் என்று கேட்டுவிட்டு, சில நொடி ஒரு வட்டம் சுற்றுமே, அப்போது நடப்பது அதுதான். புரியாத எழுத்துகளாக ஒரு செய்தி போகும், அது எந்த எண்ணிலிருந்து வந்தது என்பதை அந்தப் பக்கம் பார்த்து, அந்த எண்ணையும் அந்தப் போனையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிடும். வந்த ஓடிபியைப் போனில் ஏமாற்றிக் கேட்டு வாங்கலாம். சிம்மே செருகியிருக்கும் போனிலிருந்து செய்தி அனுப்புவதை அவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிட முடியாது. அப்பாவின் பட்டன் போனில் செயலி ஓடாது. அப்படிப்பட்ட போன்களுக்கென்று 2022 மார்ச்சில் யுபிஐ 123பே வந்தது, மிஸ்டு கால் கொடுத்தே பணம் அனுப்பலாம். அப்பா அதைத் தொடவில்லை. மிஸ்டு கால் என்றால் அவருக்கு "வீடு வந்து சேர்ந்துட்டேன்" என்றுதான் பொருள்.

அவர் இறந்த பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, பீரோவைத் திறந்தபோது டெபிட் கார்டு கிடைத்தது. அதன் உறையில் பின் எண்ணை எழுதி, பக்கத்தில் "ரகசியம்" என்றும் எழுதி அடிக்கோடிட்டிருந்தார். போன் மேல்தட்டில் இருந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்த சிம்மை என் ஸ்மார்ட்போனில் போட்டால் செய்தி தானாகப் போகும். யுபிஐ பின் வைக்கக் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதி மாதமும் வேண்டும், கையில் இருக்கிறது. ஓடிபி வரும், அதே போனுக்கு. ஐந்து நிமிடத்தில் நான் அப்பாவாகிவிடலாம், எந்த இயந்திரமும் கை காட்டி நிறுத்தாது. செய்யவில்லை. அம்மாவை நாமினியாகப் போட்டிருந்தார், இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு மூன்று தடவை வங்கிக்கு நடந்து முறைப்படி முடித்தோம். ஆனால் என்னைத் தடுத்தது தொழில்நுட்பம் இல்லை.

ஒன்றை மட்டும் செய்துகொண்டிருக்கிறோம், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவின் எண்ணில் ஒரு வாட்ஸ்அப் உண்டு. பட்டன் போனில் எப்படி என்றால், பதிவு செய்தபோது ஓடிபியைப் பட்டன் போனில் பார்த்து, அம்மாவின் ஸ்மார்ட்போனில் போட்டுவிட்டோம். சிம் ஒரு போனில், வாட்ஸ்அப் இன்னொரு போனில். எத்தனையோ வீடுகளில் இப்படித்தான். இப்போதும் காலை ஆறரைக்குக் குடும்பக் குழுவில் "அப்பா" என்ற பெயரில் பூவும் விளக்குமாக ஒரு வணக்கம் வந்து விழும். முதல் முறை வந்தபோது சிங்கப்பூரில் இருக்கும் தம்பி அலறிக்கொண்டு போன் செய்தான். இப்போது அவனும் பழகிவிட்டான், பதில் வணக்கம் போடுகிறான்.

2025 நவம்பர் இறுதியில் தொலைத்தொடர்புத் துறை, வாட்ஸ்அப் போன்ற செயலிகள், பதிவு செய்த சிம் போனிலேயே இருக்கிறதா என்று தொடர்ந்து சரிபார்க்க வேண்டும், 90 நாளுக்குள் அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. இந்திய எண்ணில் ஒருமுறை ஓடிபி வாங்கிப் பதிவு செய்துவிட்டு, சிம்மே இல்லாமல் வெளிநாட்டிலிருந்து அந்தக் கணக்கை ஓட்டி மோசடி செய்கிறார்கள், அதைத் தடுக்கத்தான். காரணம் நியாயமானது. தம்பி அனுப்பிய செய்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப அப்பா சிம்மை என் போன்ல போட்டுட்டா சரியாப்போச்சா?" என்றாள். சரியாகத்தான் போகும். இரண்டு சிம் போடும் இடம் அவள் போனில் இருக்கிறது. உத்தரவு கேட்பது சிம்மை, அப்பாவை இல்லை.

எங்கள் துறையில் இப்போது எல்லாரும் பேசுவது ஓசையில்லாத சரிபார்ப்பைப் பற்றி. மொபைல் டேட்டாவில் இருக்கும்போது, அந்த இணைப்பு எந்த சிம்முடையது என்று நிறுவனத்துக்கு ஏற்கெனவே தெரியும், அந்த சிம்தான் கேள்விக்கு விடை சொல்லி உள்ளே வந்திருக்கிறதே. ஆகவே வங்கிச் செயலி நேராக நிறுவனத்திடம், "இந்த இணைப்பு இன்ன எண்ணுடையதுதானா?" என்று கேட்கலாம், ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும். ஆறு இலக்கம் கிடையாது, கத்திச் சொல்ல எதுவும் கிடையாது. அதோடு, இந்த எண்ணின் சிம் சமீபத்தில் மாறியதா என்றும் கேட்டுக்கொள்ளலாம். 2023 பிப்ரவரியில் பார்சிலோனாவில், மொபைல் நிறுவனங்களின் உலகச் சங்கமான ஜிஎஸ்எம்ஏ தொடங்கிய ஓபன் கேட்வே என்ற ஏற்பாட்டில் இந்த இரண்டு கேள்விகளும் உண்டு. வைஃபையில் இருந்தால் நடக்காது என்பது ஒரு சிக்கல்.

இந்த யோசனை புதிதல்ல என்பதும் எனக்கு ஒரு சின்ன எரிச்சல். பட்டன் போனில் இணையம் பார்த்த வாப் காலத்திலேயே நிறுவனங்கள் நாம் திறக்கும் பக்கத்துக்கு நம் எண்ணைச் சத்தமில்லாமல் ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தன. 2008இல் ஒரு மயில் படத்தை விரல் தவறித் தொட்டதற்கு என் கணக்கிலிருந்து 30 ரூபாய் போனது. நான் யாரென்று கேட்கவே இல்லை, தெரிந்துகொண்டார்கள். 2012 ஜனவரியில் பிரிட்டனின் ஓ2 நிறுவனம், நம்பகமான சில தளங்களுக்கு மட்டும் போக வேண்டிய எண்ணை, வாடிக்கையாளர்கள் திறந்த எல்லாத் தளங்களுக்கும் சுமார் இரண்டு வாரம் அனுப்பிவிட்டு மன்னிப்புக் கேட்டது. புதிய ஏற்பாட்டில் எண் வெளியே போவதில்லை, ஆம் அல்லது இல்லை மட்டும்தான். நல்லதுதான். இருந்தாலும் அதுவும் இறுக்குவது அதே நடுக்கண்ணியை. அதுதான் ஏற்கெனவே இரும்பாயிற்றே. ஒரு பக்கம் கடை மேசை, மறுபக்கம் போனை வைத்திருக்கும் கை. இரண்டு ஓரங்களுக்கும் இன்னும் நார்தான்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, எண்ணை அம்மா பெயருக்கு மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவின் ஆதார் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அதே தேரடிக் கடை. அதே பையன். கல்யாணம் ஆகிக் கொஞ்சம் சதை போட்டிருந்தான். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து, "சாருக்கு வர முடியலம்மா, லோடு இறக்கிட்டிருந்தோம்" என்றான். அம்மா பரவாயில்லை என்றாள். நான் முதல் காரியமாக, மாற்று எண்ணில் இருக்கும் உன் எண்ணை எடுத்துவிடு என்றேன். அவனுக்கு அது ஞாபகமே இல்லை. தேடிப் பார்த்து, "ஆமா, இருக்குக்கா" என்று சிரித்தான்.

சான்றிதழ்களைப் போட்டோ எடுத்து ஏற்றினான். அம்மா கண்ணைச் சிமிட்டினாள். அப்புறம் திரையைப் பார்த்துக்கொண்டே கழுத்தைச் சொறிந்தான்.

"அக்கா, இப்ப யார் பேர்ல இருக்கோ அவங்க சம்மதம் கேக்குது. சார் நம்பருக்கு ஓடிபி போகும்."

"அவர் இல்லைன்னுதானே சான்றிதழே ஏத்திருக்க?"

"சிஸ்டம் கேக்குதுக்கா."

மஞ்சள் பைக்குள் டிங் என்றது. அம்மா ரப்பர் பேண்ட் போட்ட போனை எடுத்தாள். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாள், அதனால் போனைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்தாள். கடையில் ரீசார்ஜுக்கு நின்றிருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எழுதிக்கோப்பா" என்றாள். "ஏழு. ஒண்ணு. மறுபடியும் ஒண்ணு."